கோடை நீரில் ஒரே இனம்

நுண்ணோக்கியின் வெளிச்ச வட்டத்தில் ஒரே இனம்தான் கூட்டங்கூட்டமாகச் சுழன்று நீந்துகிறது. மழைக்காலத்தில் இதே உப்பங்கழியின் நீரில் ஊசி, சங்கிலி, சக்கரம் என நாற்பது வகை மிதவைப் பாசிகளை எண்ணியவள் அவள். கோடை முற்றிய இன்று, நஞ்சு கக்கும் இந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் துடைத்துவிட்டாற்போல் காணோம். ஆய்வுக்கூடத்து மேசையில் கிடந்த கைபேசியை எடுத்து, கழியில் சிப்பி அள்ளும் அண்ணனை அழைக்கிறாள். “அண்ணா, இன்னிக்குச் சிப்பி எடுக்காதே. தண்ணி விஷமாயிருக்கு.” “காலையிலேயே எடுத்தாச்சும்மா. எல்லாருமே சாப்பிட்டுட்டோம்,” என்கிறான் அவன் சாவகாசமாக. “சின்னவதான் உதடு மரத்துப்போச்சுன்னு கடிச்சுக் கடிச்சுப் பார்த்துச் சிரிக்கிறா.” நாற்காலி சாய எழுந்துவிடுகிறாள். “எல்லாரையும் கூட்டிக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.” அண்ணன் ஏதோ கேட்க வருகிறான், நாக்கு குழறி, சொல் பாதியிலேயே நின்றுவிடுகிறது.