சீனத்துப் பெரியம்மா

வளைகுடா நாட்டில், தேராவின் மசாலாச் சந்தையில் காலை வெயில் சாக்கு மூட்டைகளின் மேல் சரிந்து கிடக்கிறது. மலேரியா அறவே போய்விட்டது என்ற ரிப்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் கார்மேகம், கடைக்காரர் ஜெய்னுலாப்தீன் நீட்டும் காய்ந்த தழையை உள்ளங்கையில் கசக்குகிறான். "நீங்க முழுங்குன மாத்திரை இந்தச் சீனத்துச் செடியிலேர்ந்து வந்ததுதான் தம்பி. கொதிக்கவச்சா மருந்து செத்துப்போகுது. பச்சத்தண்ணில ஊறப்போட்டுப் பிழியணும்னு பழைய ஏட்டுல இருந்துச்சாம். அதைப் பாத்துத்தான் சூட்டைக் கொறைச்சு எடுத்திருக்காங்க." கார்மேகம் முகர்கிறான், மரிக்கொழுந்தின் சாயலில் ஒரு வாசம், கண்கள் விரிகின்றன. உடனே ஊரிலிருக்கும் மனைவியை வீடியோவில் அழைத்து, தழையைக் கேமராவில் ஒட்டிப் பிடிக்கிறான். "மோந்து பாரு விஜி! என் காய்ச்சலை வெரட்டுனவ. நீ தலையில வைக்கிற மரிக்கொழுந்துக்குப் பெரியம்மா, சீனாக்காரி!" ஜெய்னுலாப்தீன் வயிறு குலுங்கச் சிரிக்கிறார். அங்கே விஜியும் சிரித்துக்கொண்டே குனிகிறாள். திரை முழுக்க அவள் மூக்குத்தி மின்னுகிறது.