மாப்பிள்ளை செஞ்ச பிரஷ்

"அண்ணா, உங்க மாப்பிள்ளை செஞ்ச பிரஷ்ஷும் இந்தத் தடவை உங்க டெஸ்ட்டுக்கு வந்திருக்காம். கொஞ்சம் பார்த்துக்கோங்க."

போனில் தங்கச்சி. சுற்றிலும் ஆட்கள் இருந்ததைக் கவனித்த லேப் தலைவர், சட்டென்று போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன பார்த்துக்கணும்?"

"இல்லண்ணா... என் வீட்டுக்காரர் ராப்பகலா ஷெட்லயே கிடந்து அந்தக் கரிக் கலவையைக் கண்டுபிடிச்சிருக்கார். இந்த ஆர்டரும் கிடைக்கலைன்னா பட்டறையை மூட வேண்டியதுதான்."

"உறவெல்லாம் வீட்டோட. இங்க எனக்கு மாப்பிள்ளையும் கிடையாது, தங்கச்சியும் கிடையாது!"

போனை வைத்தார்.

"மனுஷன் நெருப்புப்பா!" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அது காதில் விழுந்த பிறகுதான் அவர் நகர்ந்தார்.

டிரில் மெஷின் செய்யும் கம்பெனி அது. மோட்டாருக்குள் சுழலும் செம்பு வளையத்தை உரசிக்கொண்டே கரண்ட் கொடுக்கும் சின்னக் கரிக்கட்டிதான் கார்பன் பிரஷ். உரச உரசத் தேயும். எது குறைவாகத் தேய்கிறதோ அதற்கே ஆர்டர். மூன்று பட்டறைகள் போட்டியில் இருந்தன.

மாப்பிள்ளையின் பிரஷ்ஷுக்கு மட்டும் கூடுதல் லோடு ஏற்றச் சொன்னார் தலைவர். ஓடுகிற மோட்டாரில் தூசியையும் தூவச் சொன்னார்.

"மத்ததுக்கு இதெல்லாம் செய்யலையே சார்?" என்றாள் டெஸ்ட் பார்க்கும் பெண்.

"நம்ம வீட்டு ஆளுன்னா இன்னும் கறாரா இருக்கணும்மா."

அடுத்த வாரம் மீட்டிங். மூன்று பட்டறைக்காரர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். முதலாளி முன்னால் தலைவர் எழுந்தார்.

"மூணுலயும் மோசமானது எங்க மாப்பிள்ளையோடது. தேய்மானம் ரொம்ப ஜாஸ்தி. சொல்ல எனக்கே கஷ்டமா இருக்கு. ஆனா, வேலைன்னா வேலை!"

முதலாளி எழுந்து வந்து கட்டிக்கொண்டார். "இந்தக் காலத்துல இப்படியும் ஒரு மனுஷனா!"

ஒரே கைதட்டல். யாரோ போட்டோ எடுத்தார்கள். கடைசி நாற்காலியில் இருந்த மாப்பிள்ளை, தலையைக் குனிந்தபடி வெளியே போனார்.

மீட்டிங் முடிந்ததும் அந்தப் பெண் தலைவரின் அறைக்கு ஓடி வந்தாள்.

"சார், மாத்திச் சொல்லிட்டீங்க! நானே அளந்தேனே. அவ்வளவு லோடுலயும் மூணுலயே கம்மியா தேஞ்சது உங்க மாப்பிள்ளையோடதுதான். அவர் இன்னும் கேட் பக்கம்தான் நிக்கிறார். கூப்பிடட்டுமா?"

தலைவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"தெரியும்மா. அதுதான் நல்லா இருக்குன்னு நான் சொன்னா, நாளைக்கு என் நேர்மையைப் பத்தி நாலு பேர் என்ன பேசுவாங்க?"