நாற்பதாவது வரிசை

முதல் வரிசையை அவள் பார்க்கவே இல்லை.

நேராக நடுக்காட்டை நோக்கி நடந்தாள். பின்னால் இருளப்பன் ஓட்டமும் நடையுமாக வந்தார். கூலிக்கு மரம் நட்டுத் தரும் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் அவர்.

"மேடம், மொத வரிசையிலயே நல்ல வெளிச்சம் இருக்கு. போட்டோவுக்கும் அம்சமா இருக்கும்."

மூட்டையின் வாயில் இருக்கும் உளுந்து எப்போதும் நல்ல உளுந்துதான். விருதுநகரில் மண்டி வைத்திருந்தவர் மகளுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வந்து இறங்கியதும் இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். இளநீரோடு வருகிற சரக்கில் ஈரம் அதிகம் என்பார் அப்பா.

குடித்தாள். இளநீர் மேல் என்ன கோபம்.

கைப்பையில் அப்பாவின் குத்தூசி இருந்தது. மூட்டையின் வயிற்றில் செருகி, உள்ளே இருப்பதை வெளியே இழுத்துக் காட்டுகிற இரும்பு.

இந்தச் சரக்கை வாங்குகிறவர் பெரிய கை. கடைக்குக் கடை பெட்டி வைத்து, பத்து ரூபாய் வந்தாலும் தெருவுக்கே கேட்கும்படி கத்த வைக்கிற பணப் பரிமாற்றக் கம்பெனி. காகிதம் மிச்சம், மரம் மிச்சம் என்று சொல்லித்தான் தொழிலுக்கு வந்தார்கள். பிறகு யாரோ ஒரு விவரமானவர் கேட்டுவிட்டார். அந்தப் பெட்டிகளுக்குப் பின்னால், குளிரூட்டிய அறைகளில் ராப்பகலாக ஓடும் கணினிகளுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது, அதன் புகை யார் தலையில்?

பதிலாகப் பதினோராயிரம் மரம்.

வெள்ளிக்கிழமை மும்பையில் மேடை போட்டிருந்தார்கள். எங்கள் புகை இனி பூஜ்யம் என்று அறிவிக்கப் போகிறார்கள். நட்டதை நேரில் பார்த்துச் சான்று தருகிற அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

படிவத்தை இருளப்பனே நிரப்பி வைத்திருந்தார். பதினான்கு கட்டங்கள். 'இதற்கு முன் ஆய்வு செய்தவர்' என்ற கட்டத்தில் மட்டும் ஒரு கோடு. புது நடவு. வேறென்ன எழுத முடியும்.

நாற்பதாவது வரிசை வந்தது.

வெறும் குச்சியை நட்டிருப்பார்கள் என்று நினைத்திருந்தாள். இல்லை.

கன்று கருகியிருக்கும் என்று நினைத்திருந்தாள். அதுவும் இல்லை.

இடுப்பளவுப் புங்கன். பளபளவென்று இலை. அடியில் சொட்டுநீரின் ஈரம். கமுதிக்குத் தெற்கே, வெள்ளாடுகூட யோசித்துக் கால் வைக்கிற பொட்டலில்.

சரக்கு நன்றாக இருந்தால் அப்பா இன்னொரு முறை பார்ப்பார்.

குனிந்து, தண்டை ஒட்டிக் குத்தூசியைச் செருகினாள். இரண்டு விரற்கடை இறங்கியதும் 'பொத்'தென்று எதையோ துளைத்தது. மண்ணில் அந்தச் சத்தம் வராது.

கையால் மண்ணை விலக்கினாள்.

கறுப்பு பிளாஸ்டிக். நாற்றுப்பண்ணைப் பை. கன்றைப் பையோடு புதைத்திருந்தார்கள்.

"பயலுக அவசரத்துல அப்டியே வச்சிருப்பாய்ங்க மேடம். ஒண்ணு ரெண்டு அப்டித்தான் இருக்கும்."

பக்கத்துக் கன்றைத் தோண்டினாள். பை.

அதற்கடுத்தது. பை.

நான்காவதன் மேல் மண்ணை இன்னும் கொஞ்சம் தள்ளினாள். பையின் தோளில் வெள்ளை மையில் ஒரு வட்டம். குறுக்கே ஒரு கோடு.

அவள் கை நின்றது.

அப்பா பார்த்துத் தேர்ந்த மூட்டையில் போடுகிற குறி அது. வண்டி ஏறும்போது மூட்டை மாறிவிடக் கூடாதே என்பதற்காக. போன வருடம் சாயல்குடிப் பக்கம், வேறொரு நிறுவனம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நடவிருந்த கன்றுகளைக் கொட்டகையில் வைத்து எண்ணினாள். பழக்கதோஷத்தில் இருபது பைகளில் அந்தக் குறியைப் போட்டாள். பிறகு நட்டுவிட்டோம் என்று படம் வந்தது. படம் பச்சையாக இருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

குறி போடத் தெரிந்தவள், வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கவில்லை.

மண்டிக்காரர் மகளாம்.

இன்று உள்ளதை எழுதினால் போன வருடக் கையெழுத்தும் கூடவே வெளியே வரும். உரிமம் போகும். பன்னிரண்டு வருடப் பெயர் போகும். எழுதாவிட்டால் ஒன்றும் போகாது. இந்தக் கன்று மட்டும் அடுத்த வருடம் இன்னொரு ஊருக்குப் போகும். இப்போதே அவள் போகாத ஊருக்கெல்லாம் போய் வந்திருக்கலாம்.

"வெயில் ஏறுது மேடம். கார்ல ஏசி போடச் சொல்லட்டா?"

அவளுக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. குத்தூசியின் முனையைப் பையின் விளிம்பில் வைத்து, மேலிருந்து கீழாக ஓர் இழுப்பு இழுத்தாள். பை வாய் பிளந்தது. உள்ளே, ஒரு வருடமாகப் போக இடமில்லாமல் சுற்றிச் சுற்றிச் சுருண்டு கிடந்தது வேர்.

"மேடம், கிழிச்சுப்புட்டா அப்பறம் எடுக்க முடியாதுல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.



அவள் பையை உருவி எடுத்தாள். மண்ணைத் தள்ளி வேரை மூடினாள். பையை உதறி, நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

படிவத்தைக் கேட்டாள்.

இருளப்பன் முகம் தெளிந்தது. பேனாவை மூடி கழற்றியே நீட்டினார். கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் அடையாளம்கூட வைத்திருந்தார்.

அவள் இரண்டு பக்கம் பின்னால் புரட்டினாள்.

கோடு போட்டிருந்த கட்டம்.

அந்தக் கோட்டின் மேலேயே, எழுத்துக்கு எழுத்து நிறுத்தி, தன் பெயரை எழுதினாள். பக்கத்தில் சாயல்குடி என்றும், போன வருடத் தேதியையும் எழுதினாள்.

பிறகு நிமிர்ந்தாள்.

"சாட்சிக்கு ஒரு பேர் வேணும். ஒங்க இனிஷியல் என்னண்ணே?"