பனி விடும்வரை

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது வெளியே தண்ணீர்ப் பக்கமிருந்து குரல் வந்தது.

“பவுனு, கயிறு போடு.”

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஒன்றும் தெரியவில்லை.

போகி. விடிவதற்கு முன்பிருந்தே கரையெங்கும் பழைய டயரும் கோரைப்பாயும் எரிந்துகொண்டிருந்தன. அந்தப் புகை மார்கழிப் பனியோடு சேர்ந்து எண்ணூர் முகத்துவாரத்தின் மேல் இறங்கியிருந்தது. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் இல்லை. ரயில் பாலம் இல்லை. அவர்கள் குடியிருக்கும் பார்ஜின் மறுமுனைகூட இல்லை.

மண் வாரும் வேலைக்காக வந்த தட்டையான இரும்புப் படகு அது. வேலை நின்று ஐந்து மாதம். காவலுக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். அவள் புருஷன் தேசிங்கு ஒத்துக்கொண்டான். அவளும் ஒரு ஸ்டவ்வும் இரண்டு மூட்டைகளும் சின்னப் படகில் ஏறி வந்து சேர்ந்தார்கள். டிரைவர் அறைதான் வீடு. ஜன்னலைத் திறந்தால் நகரம். அங்கிருந்து பார்த்தால் யாருக்கும் தன்னைத் தெரியாது என்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

அவளுக்கு நீச்சல் வராது. அவன் அதைக் கேலி செய்ததே இல்லை.

ஆறு மணிக்கு அவன் கேன்களோடு சின்னப் படகில் குடிதண்ணீர் பிடிக்கக் கரைக்குப் போயிருந்தான்.

குரல் வந்த பக்கமாகக் கயிற்றை வீசினாள்.

கயிறு விறைத்தது. பிடித்துவிட்டான். இந்த முனையை இரும்புக் கட்டையில் இரண்டு சுற்று சுற்றினாள்.

துடுப்புச் சத்தம் இல்லை. படகு வந்து இடிக்கவும் இல்லை.

“இன்னாயா, கேன எடுத்துக் குடு.”

உள்ளே போன் அடித்தது. தேசிங்கு.

“பவுனு, இன்னும் கரையிலதான் கீறேன். கண்ணே தெரியல. பனி விட்டதும் வரேன். நீ வெளிய வந்து நிக்காத.”

அவன் பின்னால் யாரோ டீ ஆற்றும் சத்தம்.

“நீ இப்ப என்னைக் கூப்ட்டியா?”

“இப்பத்தான கூப்புடறேன்.”

சிரித்தான். வைத்துவிட்டான்.

அவள் வாசலுக்கு வந்தாள். கயிறு விறைப்பாகத்தான் இருந்தது. மெல்ல அசைந்தது. பிடித்திருப்பவன் கை மாற்றிக்கொள்வது போல.

“பவுனு. கை குடு.”

இப்போது நேர் கீழே. ஏணிப் பக்கம்.

ஏணியின் கடைசி மூன்று படிகள் துருவேறி விழுந்துவிட்டன. தினமும் அவன் அங்கே நின்று அப்படித்தான் கேட்பான். அவள் குனிந்து கொடுப்பாள். அது இல்லாமல் அவனால் ஏற முடியாது.

விளிம்பில் படுத்து எட்டிப் பார்த்தாள். இரண்டு படிகள் தெரிந்தன. அதற்குக் கீழே வெள்ளை.

“யாரு?”

“கை குடு பவுனு.”

அவன் குரலேதான். காலையில் இருக்கும் அந்தக் கரகரப்போடு.

கையை நீட்டினாள். முழங்கைவரை வெள்ளைக்குள் போனது. விரல் நுனியில் ஈரமாக ஏதோ பட்டது.

கரையில் டீ ஆற்றும் சத்தம் நினைவுக்கு வந்தது.

கையை இழுத்துக்கொண்டாள்.

உள்ளே ஓடிக் கதவைத் தாழிட்டாள். உடனே போன் அடித்தது.

“யாரோ உன் குரல்ல கூப்புடறாங்கயா.”

“தொறக்காத,” என்றான். “யாரா இருந்தாலும் கை குடுக்காத.”

அரிசிப் பாத்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள்.

பொத்திய பிறகும் கேட்டது. மூன்று முறை. கத்தவில்லை. மூன்றாவது முறை பெயரை முழுதாகச் சொல்ல மூச்சு போதவில்லை.

பிறகு, “சரி,” என்றது.

குழம்பு தீர்ந்துவிட்டது என்று அவள் சொன்னால் அவன் சொல்லும் சரி.

அதன் பிறகு பார்ஜின் அடியில் தண்ணீர் அலம்பும் ஓசை மட்டும்.

ஒன்பது மணிக்குமேல் ஜன்னலில் வெயில் விழுந்தது. முதலில் புகைபோக்கிகள் வந்தன. அப்புறம் பாலம். பாலத்தின் மேல் ஒரு மின்சார ரயில், கதவெல்லாம் ஆட்களோடு.

தாழ்ப்பாளை எடுத்தாள்.

பத்தடி தள்ளி அவர்களுடைய சின்னப் படகு நின்றது. கயிறு அதன் முனையில் கட்டியிருந்தது. உள்ளே மூன்று கேன்கள், கழுத்துவரை தண்ணீரோடு. அவன் செருப்புகள். பாலித்தீன் பையில் சுற்றி, பலகை மேல், அவன் போன்.

துடுப்பு இல்லை.

ஆள் இல்லை.

ஏணியடிக்கு வந்து குனிந்தாள். பார்ஜின் இரும்பில் பாசி பிடித்த இடத்தில் புதுக் கோடுகள். நான்கு நான்காக. மேலிருந்து கீழே, தண்ணீருக்குள் போய் மறையும்வரை.

அந்தக் குரல் கை கொடுக்கச் சொன்னதைப் போனில் அவள் சொல்லவே இல்லை.

ரொம்ப நேரம் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு தன் போனை எடுத்து அவன் நம்பரை அழுத்தினாள்.

படகில், பைக்குள், அது அடித்தது. வெளிச்சம் விட்டுவிட்டு எரிவது இங்கிருந்தே தெரிந்தது.

நான்காவது மணியில் நின்றது.

காதில் டீ ஆற்றும் சத்தம்.

“பனி விட்ருச்சா பவுனு?”

தண்ணீரெங்கும் வெயில் கண்ணைக் கூசவைத்தது. படகில் அந்தப் போன் வெளிச்சத்தோடு தனியாகக் கிடந்தது.

அவள் தன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“இல்லய்யா,” என்றாள். “இன்னும் விடல. நீ பேசு.”