செல்லியம்மாளின் ஆறு ஸ்டிக்கர்கள்

மூளைக்கட்டியின் இடத்தைத் திரையில் காட்டும் கருவிக்காக, செல்லியம்மாளின் தலையில் ஆறு ஸ்டிக்கர்கள் ஒட்டி ஸ்கேன் எடுத்திருந்தார்கள். மறுநாள் ஆபரேஷனுக்காகச் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, இடஒதுக்கீட்டு மறியலில் பஸ் சின்னசேலத்தில் நின்றது. பக்கத்துக் கோயிலில் அவள் மொட்டை போட்டுக்கொண்டாள். நாவிதர் உரித்த ஸ்டிக்கர்களை மகன் பகலவன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"இன்னாம்மா பண்ணிட்ட? அத்த வச்சிதான் மெஷினு எடம் காட்டும். ஆபரேஷன் தள்ளிப்போனா கண்ணு போயிடும்னாங்களே."

"சாமிக்கு நேந்துகினு வுட்ட முடிடா. ஆஸ்பத்திரில வழிச்சிப் போட வுடுவனா?"

சேலத்தில் நர்ஸ் மொட்டையிலிருந்த சந்தனத்தைத் துடைத்தார். ஆறு ஸ்டிக்கர்களும் அதனதன் இடத்தில் இருந்தன. கருவி இம்மியும் பிசகவில்லை.

மாலையில் செல்லியம்மாள் கண் திறந்தாள். "இன்னாடா, சட்டையெல்லாம் அழுக்கு?"

பகலவனுக்கு உயிர் வந்தது. சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றிப் பையைத் துழாவினான். அதிலும் ஆறு இருந்தன. ஒவ்வொன்றிலும் நரைமுடி ஒட்டியிருந்தது.