கிளம்பும்போதே பேசியவை

ஒரே படிகத்திலிருந்து கிளம்பிய இரண்டு ஒளித்துகள்கள் ஊரின் இரு கோடிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. எந்தக் கோணத்தில் அளப்பது என்பதை, அவை கிளம்பிய பிறகுதான் கருவிகள் முடிவுசெய்தன. என்றாலும், எப்படிப் பேசிவைத்துக்கொண்டு வந்தாலும் அமையாத அளவுக்கு விடைகள் ஒத்துப்போயின. கிழக்குக் கோடியிலிருந்து பேராசிரியர் மாசிலாமணி போனில் கத்தினார்: “சும்மா கத விடாத. கெளம்பறப்பவே ரெண்டும் பேசி வச்சிருக்கும். நீதான் ஒழுங்கா அளக்கல.” மேற்குக் கோடியில் அளந்துகொண்டிருந்த அவர் மனைவி இந்துமதிக்குச் சிரிப்பு வந்தது. இந்த மனிதருக்குப் புரியாத எதுவும் உலகத்தில் நடந்துவிடக் கூடாது. “நாமளும் தெனம் ஒரே வீட்லேருந்துதான் கெளம்பறோம். என்னத்தப் பேசி வச்சிருக்கோம்?” என்றார். இருவரும் ஒரே நொடியில் போனை வைத்தார்கள்.