அந்தப் பக்கம் யார்?

சிரிப்பு உண்டு. ஆனால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். துப்பு சாருடைய ஆபீஸில் ஒரு வாரமாக எல்லாரும் பொறுக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு திரிகிறார்கள். ஏனென்று அவருக்கு மட்டும் தெரியாது. உங்களுக்கும் இப்போதைக்கு வேண்டாம்.

துப்பு சார் என்பது ஆபீஸ் வைத்த பெயர். லிஃப்ட் நின்றால்கூட, "யாரு நிறுத்தினா? யாருக்கு லாபம்?" என்று கேட்கிற ஆசாமி. அப்படிப்பட்டவர் பார்க்கப் போன கால்பந்து இறுதிப் போட்டியில், ஒருவன் கத்தியோடு மைதானத்துக்குள் பாய்ந்து கோல்கீப்பரின் தோளைக் கிழித்துவிட்டான். கேட்க வேண்டுமா? வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்துவிட்டது.

இந்த ஞாயிறு காலையிலும் அதே பேச்சுதான். ஹாலில் துப்பு சார் தோளில் பழைய துண்டோடு நாற்காலியில். பின்னால் மனைவி, கிண்ணத்தில் தலைச்சாயம் கலக்கிக்கொண்டு. எதிரே சோபாவின் நுனியில் அவள் தம்பி.

மைதானத்தின் பக்கவாட்டுக் கதவில் அன்றைக்குக் காவல் நின்றவன் இந்தத் தம்பிதான். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாளைக்கு விசாரணை. யாருக்காகக் கதவைத் திறந்தான் என்று சொல்லாவிட்டால் வேலை போய்விடும்.

"முன்வாசல்ல தண்ணி பாட்டிலைக்கூடப் பிடுங்கறான். கத்தி எப்படி மச்சான் உள்ளே போச்சு? கால் முளைச்சு நடந்து போச்சா?" என்று ஆரம்பித்தார் துப்பு சார்.

தம்பி சோபாவின் நுனியில் இன்னும் நுனிக்கு நகர்ந்தான்.

"எல்லாம் உள்கை! வேலியே பயிரை மேஞ்சிருக்கு. நீ எவ்வளவு வாங்கினே?"

"மாமா, ஒரு பைசா வாங்கல. சொந்தக்காரர் ஒருத்தருக்குத்தான் திறந்தேன்."

"அட, எனக்குத் திறந்தியே, அதைச் சொல்றியா? அது வேற! நான் உங்க வீட்டு மாப்பிள்ளை. என்னைத் தடவிப் பாக்க முடியுமா? நான் கேக்கறது இவனை!"

போனை நீட்டினார். எங்கிருந்தோ கசிந்த வீடியோ. கேமரா பின்னால் உயரத்தில் இருந்ததால் முகம் இல்லை, முதுகுதான். மஞ்சள் பனியன் போட்ட ஓர் ஆள். அன்றைக்கு ஊரே மஞ்சள் பனியன் போட்டிருந்ததால் அது ஓர் அடையாளமே இல்லை. ஆனால் பின்மண்டையில் பளிச்சென்று ஒரு வெள்ளைத் திட்டு. அதைச் சுற்றித் துப்பு சாரே தன் கையால் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்.

"காக்கா எச்சம் போட்ட மாதிரி ஒரு மண்டை! பாத்தியா, கதவை மூட விடாம காலைக் கொடுத்துக்கிட்டு நிக்கறான். அந்தக் கத்திக்காரன் இவன் பின்னாலேயே நுழையறான். இவன்தான் மூளை!"

"இதை யாருக்காவது அனுப்பினீங்களா?" என்றாள் மனைவி.

"யாருக்கு அனுப்பலன்னு கேளு! ஆபீஸ், தெரு, போலீஸ், டிவி. 'வெள்ளைத் திட்டு ஆசாமியைப் பிடியுங்கள்'னு தலைப்பு வச்சது நான்தான். ஆபீஸ்ல என்ன வரவேற்பு தெரியுமா? நான் நடந்து போனா, பின்னாடி ஒரே சந்தோஷம். திரும்பினா எல்லாரும் எழுந்து நிக்கறாங்க."

தம்பிக்கு இருமல் வந்தது.

"இருமாதே. இவன் யாருன்னு உனக்குத் தெரியும். நாளைக்கு விசாரணையில சொல்லிடு. எவனோ ஒரு முட்டாளுக்காக உன் வயித்துல ஏன் அடிச்சுக்கறே?"

"நான் சொல்ல மாட்டேன் மாமா."

"அவ்வளவு விசுவாசமா!" துப்பு சார் செய்தி வாசிப்பவரின் குரலுக்கு மாறினார். "மர்ம நபர் யார்? வாசலில் நின்று போனில் பேசுகிறாரே, யாரோடு? அந்தப் பக்கம் யார்? அந்த ஆளைப் பிடித்தால் மொத்தக் கும்பலும்..."

"நான்தான்," என்றாள் மனைவி.

"என்ன நான்தான்?"

"அந்தப் பக்கம். நான்தான் பேசினேன்."

துப்பு சார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இவ ஒருத்தி! அது நான் பேசினதுடி. கதவுகிட்ட நின்னு, 'செக்கிங்கே இல்லாம ராஜா மாதிரி உள்ளே வந்துட்டேன்'னு உனக்கு நான்தானே..."

சிரிப்பு பாதி வழியில் நின்றது.

மனைவி பிரஷைக் கிண்ணத்தில் தோய்த்தாள். "போன ஞாயித்துக்கிழமை, மேட்சுக்கு லேட்டாகுதுன்னு என்னைக் கத்தோ கத்துன்னு கத்தினீங்க. எனக்கும் கோபம். முன்பக்கம் மட்டும் அடிச்சுட்டு, ஆச்சுன்னு சொல்லிட்டேன்."

துப்பு சாரின் கை மெல்ல மேலே எழுந்தது. காதைத் தாண்டிப் பின்மண்டைக்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது. ஆபீஸ் மொத்தமும் ஒரு வாரமாக அடக்கி வைத்த சிரிப்பு இப்போதுதான் அவர் காதில் விழுந்தது.

"ஏண்டா, உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"திறந்து விட்டவன் நான்தானே மாமா."

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"அக்கா புருஷனாச்சே."

துப்பு சார் துண்டைத் தலையோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டார். ஜன்னல் பக்கம் ஒரு பார்வை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சீக்கிரம்டி... கறுப்பா அடிச்சுடு!"

மனைவி கிண்ணத்தை மூடி அலமாரியில் வைத்தாள்.

"நாளைக்குத் தம்பியோட விசாரணைக்குப் போயிட்டு வாங்க. அப்புறம் அடிக்கறேன்."